பதினொரு பழங்களும் ஒரு பாதியும்

எங்கள் வீட்டுக் கூடத்தின் உட்சுவரில் பதினொரு எண்ணெய்வண்ண ஓவியங்கள் தொங்குகின்றன. பதினொன்றும் பழங்கள். அவற்றுள் பெரியது பத்து அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் கொண்டது. சிறியது ஓர் அஞ்சலட்டையின் அளவு. மாம்பழம், எலுமிச்சை, நாவல், கொடைக்கானல் பேரி, மாதுளை, சீத்தா, பன்னீர்த் திராட்சை, கொய்யா, சிறுமலை வாழை, கமலா ஆரஞ்சு, விளாம்பழம் என்று பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் நான் கொடுத்த விலையைக் கூட்டினால் ஒரு நடுத்தரக் குளிர்சாதனப் பெட்டியின் விலைதான் வரும். ஆகவே ஓவியச் சேகரிப்பாளர் என்று என்னை நானே அழைத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் உடன்பணியாளர்கள் "தமிழ் வாத்தியார் வீட்டில் வள்ளுவர் படம் இருக்கும் என்று பார்த்தால் பழக்கடை இருக்கிறதே" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். ஏன் பழங்கள் என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தேன். அந்த விடை முழு உண்மையன்று என்பது சில ஆண்டுகளுக்கு முன்புதான் எனக்கே தெரிந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதல் ஓவியத்தை 2006இல் வாங்கினேன். புத்தொளிப் பயிற்சிக்காகச் சென்னை சென்றிருந்தபோது, ஒரு மாலையில் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் காட்சிக்கூடத்துக்குத் தோழி ஒருத்தி அழைத்துப் போனாள். இளம் ஓவியர்கள் சிலர் சேர்ந்து நடத்திய கண்காட்சி அது. பெரிய திரைச்சீலைகளுக்கு நடுவே, யாரும் நின்று பார்க்காத ஒரு மூலையில், நீலத் தட்டில் வைத்த ஒற்றை மாம்பழம் இருந்தது. நான் அதன் முன் நெடுநேரம் நின்றுவிட்டேன். விலை 1,200 ரூபாய். அன்றைய என் சம்பளத்துக்கு அது சிறிய தொகையன்று. செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, வைகை விரைவு வண்டியில் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அடுத்த வாரம் திண்டுக்கல்லிலிருந்து அப்பா வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் அருகே போய்ப் பார்த்தார். கலை பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"இது கல்லு வச்சுப் பழுத்த பழம் தாயி" என்றார் அப்பா. "மரத்துல முத்துன பழம்னா இப்படி ஒரே மஞ்சளா இருக்காது. காம்புப் பக்கம் ஒரு நிறம், மூக்குப் பக்கம் ஒரு நிறம்னு ஏறி இறங்கி வரும். இது மேலுக்குத்தான் மஞ்சள். அறுத்தா உள்ள புளிக்கும்."

ஓவியர் சந்தையில் கிடைத்த பழத்தை வாங்கி வந்து, கண்ணுக்குத் தெரிந்தபடியே வரைந்திருக்கிறார். பொய் சொன்னது பழம்தான். விலையைச் சொன்னபோது அப்பா ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு கூடையே எடுத்திருக்கலாமே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

*

இவ்வகை ஓவியங்களை ஆங்கிலத்தில் ஸ்டில் லைஃப் என்கிறார்கள். டச்சு மொழியிலிருந்து வந்த பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'இறந்த இயற்கை' என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். ஒரு மொழிக்கு அசையாதிருக்கும் உயிராகத் தெரிவது மற்றொரு மொழிக்குச் செத்ததாகத் தெரிகிறது. தமிழில் 'அசையாப் பொருள் ஓவியம்' என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டவுடன் எனக்கு அசையாச் சொத்தும் பத்திரப் பதிவு அலுவலகமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. 'நிலைப்பொருள் ஓவியம்' என்பது சற்றுத் தேவலை. ஆனால் பழத்தைப் போல நிலையில்லாத பொருள் வேறென்ன இருக்கிறது?

இதற்கெல்லாம் முந்திய பெயர் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உரோமானியக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ் தம் நூலில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். கிரேக்கச் செல்வர்கள் தம் வீட்டில் வந்து தங்கும் விருந்தினரை முதல்நாள் உணவுக்கு அழைப்பார்களாம். மறுநாள் முதல் கோழி, முட்டை, காய்கறி, பழம் முதலியவற்றை அவர்கள் அறைக்கே அனுப்பிவைப்பார்களாம். அப்படி அனுப்பிய பொருள்களை வரைந்த படங்களுக்கு 'செனியா' என்று பெயர் வந்தது. விருந்தோம்பலிலிருந்து பிறந்த சொல். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரத்து வீட்டுச் சுவர்களில் இத்தகைய படங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் சில பீச் பழங்களும், தண்ணீர் நிறைந்த கண்ணாடிச் சாடி ஒன்றும் இருக்கின்றன. இன்று அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு விருந்தினருக்காக எடுத்து வைத்த பழங்கள் இன்னும் பரிமாறப்படாமல் காத்திருக்கின்றன.

பிற்காலத்தில் இந்த ஓவியங்களுக்கு மரியாதை குறைந்தது. பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் அறிஞர் ஃபெலிபியன் 1667இல் ஓவியர்களைத் தரவரிசைப்படுத்தினார். மனிதரை வரைபவர் மேலே. விலங்குகளை வரைபவரும் நிலக்காட்சி வரைபவரும் அடுத்தடுத்து. பழம், பூ, சிப்பி வரைபவர் எல்லார்க்கும் கீழே. அந்தக் கடைசிப் படியிலிருந்து வந்தவர்தான் ஷார்தென். 1728இல் அதே கழகம் விலங்குகளையும் பழங்களையும் வரைவதில் திறனுடையவர் என்று குறிப்பிட்டு அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1761இல் அவர் வரைந்த காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை ஒன்று 2022இல் பாரிஸ் ஏலத்தில் இரண்டு கோடியே நாற்பது இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. அது நாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று ஆயிரக்கணக்கான பொதுமக்கள் பணம் கொடுத்து உதவ, 2024இல் லூவர் அருங்காட்சியகம் அதைத் தன்வசமாக்கிக்கொண்டது.

ஆயினும் என் உள்ளம் கவர்ந்தவர் ஷார்தெனுக்கும் முற்பட்ட கோர்ட்டே என்னும் டச்சுக்காரர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மிடில்பர்க் நகரில் பணியாற்றியவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி மிகச் சில செய்திகளே எஞ்சியுள்ளன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகம் அவரை மறந்தே போயிருந்தது. தி ஹேக் நகரத்து மவுரிட்ஷுயிஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய காட்டு ஸ்ட்ராபெரிப் படம் ஒன்று இருக்கிறது; 1705இல் வரைந்தது. உயரம் 16.5 சென்டிமீட்டர், அகலம் 14 சென்டிமீட்டர். ஒரு கல் விளிம்பில் கைப்பிடியளவு பழம், பின்னால் இருட்டு. அவ்வளவே. சின்னஞ்சிறு பரப்பில் ஒன்றை மட்டும் வைத்து, மற்றவற்றையெல்லாம் நீக்கிவிடும் அந்த முறை எனக்குக் குறுந்தொகை படிப்பதைப் போல இருந்தது. ஏன் பழங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லி வந்த விடை இதுதான்: சிறியது, நிறைவானது, அழியக்கூடியதை அழியாமல் வைத்திருப்பது.

*

நம் ஊரிலும் இப்படி வரைபவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்து வெளிவரும் பிள்ளைகள் கைப்பயிற்சிக்காகச் சிறிய படங்கள் வரைவார்கள். அவற்றை விற்கலாம் என்ற எண்ணமே பலருக்கு இருப்பதில்லை. கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு விலை சொல்வார்கள். நான் பேரம் பேசியதில்லை. தரகு வாங்கும் தொழிலைச் சார்ந்து வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, உற்பத்தி செய்தவர் கையில் முழுத் தொகையும் போய்ச் சேர்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

வாங்க விரும்பும் நண்பர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். எண்ணெய்வண்ணம் நீர் காய்வதைப் போலக் காய்வதில்லை. அதில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாள்களில் வந்துவிடும். முழுதும் இறுகப் பல மாதங்கள் ஆகும். அதனால் மேற்பூச்சான வார்னிஷை ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்தே இடவேண்டும். மழையில் நனையும் வெளிச்சுவரில் மாட்டினால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால் பின்னால் காற்று போய்வரும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

இன்னொன்று. எண்ணெய்வண்ணம் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும். வீடு மாறியபோது ஈராண்டு பீரோவுக்குள் கட்டி வைத்திருந்த எலுமிச்சைப் படத்தை வெளியே எடுத்தபோது, அதிலிருந்த வெள்ளைத் துணி பழந்துணியாகியிருந்தது. படம் கெட்டுவிட்டது என்று பதறிப்போனேன். வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வைக்கும்படி ஓவியர் சொன்னார். சில வாரங்களில் துணி பெருமளவு வெளுத்துவிட்டது.

படங்களைத் தேர்ந்தெடுப்பதில் நான் கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்திருந்தேன். 2017இல் கும்பகோணத்தில் படித்து முடித்த ஓர் இளைஞரிடம் கொய்யாப் படம் ஒன்றைக் கண்டேன். வெளிர்பச்சைத் தோலும் அதன் மேல் காலை வெளிச்சமும் அவ்வளவு அழகு. ஆனால் பழத்தின் ஓரத்தில் கிளியோ அணிலோ கொத்திய பழுப்பு வடு ஒன்று இருந்தது. "அந்த இடம் மட்டும் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பணம் தேவைப்படும் வயது. ஒன்றும் சொல்லாமல் வடுவின் மேல் பச்சை பூசி, காய்ந்த பிறகு கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது மட்டும் சொன்னார்: "எண்ணெய்வண்ணம் வயசாக ஆக லேசா கண்ணாடி மாதிரி ஆகும் மேடம். ரொம்ப வருஷம் கழிச்சு அடியில இருக்கிறது மேல தெரியலாம்."

அப்போது அதை ஒரு தொழில்நுட்பச் செய்தியாகவே கேட்டுக்கொண்டேன்.

*

அப்பா திண்டுக்கல்லில் ஒரு பழக் கமிஷன் மண்டியில் முப்பது ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தார். நத்தத்திலிருந்து கல்லாமையும் காசாலட்டும், ஆயக்குடியிலிருந்து கொய்யாவும், சிறுமலையிலிருந்து வாழையும், கொடைக்கானல் மலையிலிருந்து பேரியும் வந்து இறங்கும். ஏலம் முடிந்து, கூடைகள் வண்டியேறிய பிறகு, அடிபட்டவையும் கன்றியவையும் தரையில் மிஞ்சும். அவற்றுக்குக் கழிவு என்று பெயர். சாயங்காலம் வேலையாட்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அப்பாவின் பங்கு மஞ்சள் பையில் எங்கள் வீட்டுக்கு வரும்.

அம்மா அரிவாள்மனையின் முன் உட்காருவார். ஒவ்வொரு பழத்தையும் திருப்பிப் பார்த்து, கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஒதுக்குவார். மீதியைத் துண்டு போட்டுத் தட்டில் வைப்பார். நாங்கள் ஐந்து பேரும் சுற்றி அமர்ந்து உண்போம். எங்கள் தெருவில் எங்களைப் போலப் பழம் தின்ற வீடு வேறில்லை. முழுப் பழம் என்பது பொங்கலன்றும் ஆயுத பூசையன்றும் சாமிக்கு முன் இருக்கும் பொருள். அதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றியதில்லை, விடுதிக்குப் போகும் வரை.

1998. மதுரையில் ஒரு கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேருந்தில் வந்து, பார்வையாளர் அறையில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். பையை அறைக்குக் கொண்டுவந்து திறந்தபோது அறைத்தோழிகள் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே கல்லாமை மாம்பழங்கள். ஒன்றில் கறுத்த திட்டு. இரண்டில் அப்பாவே கத்தியால் கெட்ட இடத்தைச் செதுக்கி எடுத்திருந்தார். வெட்டுவாய் பழுப்பேறி இருந்தது. ஒருத்தி சாதாரணமாகத்தான் கேட்டாள்: "உங்கப்பா வாங்கும்போது பார்த்து வாங்க மாட்டாரா?"

பேருந்தில் நசுங்கிவிட்டது என்று பொய் சொன்னேன். அன்றிரவு எல்லாரும் உணவுக்கூடத்துக்குப் போன பிறகு, பையோடு கொண்டுபோய் விடுதியின் பின்புறத் தொட்டியில் போட்டேன். அடுத்த முறை அப்பா வந்தபோது, "இனிமே பழமெல்லாம் கொண்டு வராதீங்கப்பா, இங்க மெஸ்ல தினமும் தர்றாங்க" என்றேன். அவர் பையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, நான் முதுகலை முடிக்கும் வரை, அவர் வரும்போதெல்லாம் கடையில் வாங்கிய ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டுவருவார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 2009இல் அவர் காலமானார்.

*

2022இல் என் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். ஒரு மாலை கூடத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' என்னும் கட்டுரை. தாவரங்களின் ஒவ்வோர் உறுப்புக்கும் பருவத்துக்கும் தமிழில் எத்தனை தனித்தனிச் சொற்கள் உள்ளன என்று காட்டும் கட்டுரை அது. மாம்பிஞ்சுக்கு வடு, பலாப்பிஞ்சுக்கு மூசு, வாழைப்பிஞ்சுக்குக் கச்சல் என்றெல்லாம் வரும். நான் முதுகலையில் படித்தது. வகுப்பில் பலமுறை மேற்கோள் காட்டியது. மொழிவளத்துக்குச் சான்று என்று பெருமையாகச் சொல்லி அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன்.

மகள் அடுத்த பகுதிக்குப் போனாள். கெட்டுப்போன காய்க்கும் கனிக்கும் உரிய சொற்கள். "சூம்பல்" என்று படித்து, பொருளைப் படிக்குமுன் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "நுனி சுருங்கிப் போனது."

மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "சொத்தை?" "உள்ள புழு அரிச்சது." "வெம்பல்?" "சூட்டுல பிஞ்சாவே பழுத்தது. கையில எடுத்தாலே தெரியும்." "அளியல்?" "அளிஞ்சு போனது. கொழகொழன்னு இருக்கும், ஆனா நாறாது. நாறினா அழுகல்." சிவியல் என்பதை மட்டும் அம்மா அறிந்திருக்கவில்லை. சுருங்கிய பழம் என்று மகள் விளக்கியதும், "சிறுமலைப் பழம் அப்படி இருந்தாத்தான் ருசி" என்றார்.

கரண்டியோடு கூடத்துக்கு வந்த அம்மா சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி, உங்கப்பா கொண்டு வந்த பழம் ஒண்ணுகூட இதுல இல்லையே."

அம்மாவுக்கு விடுதித் தொட்டியைப் பற்றித் தெரியாது. யாருக்குமே தெரியாது. அவர் கண்ணில் பட்டதைச் சொன்னார். அடுப்பைக் கவனிக்கத் திரும்பிப் போனார். நான் பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாசுமறுவற்ற மாதுளை. ஒரு புள்ளியும் விழாத வாழைச் சீப்பு. பூசி மறைத்த கொய்யா. அழியக்கூடியதை அழியாமல் வைத்திருக்கிறேன் என்று பிறரிடம் சொல்லி வந்தேன். உண்மையில், பார்வையாளர் அறைக்கு அப்பா என்ன கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேனோ, அதைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பருவத்துக்கு ஒரு பெயர் வைத்த அதே மொழி, கேட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. எதை ஒதுக்குவது, எதை எந்த அளவுக்கு உண்பது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தவர்கள் உண்டாக்கிய சொற்கள் அவை. அளியலுக்கும் அழுகலுக்கும் வேறுபாடு தெரிந்தவருக்கே ஒரு வேளைப் பழம் மிஞ்சும். இருபது ஆண்டுகள் இப்பாடத்தை நடத்திய எனக்கு அச்சொற்கள் யாருடைய சொற்கள் என்று தோன்றவே இல்லை.

*

அதன்பின் பழைய ஓவியங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். மிலானின் அம்ப்ரோசியானா கூடத்தில் காரவாஜ்ஜோவின் பழக்கூடை இருக்கிறது. 1600ஐ ஒட்டி வரைந்தது. முன்னால் தெரியும் ஆப்பிளில் புழுத் துளை. இலைகள் அரித்தும் சுருண்டும் காய்ந்தும் இருக்கின்றன. அதே நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் 'வானிட்டாஸ்' என்று ஒரு வகையையே வளர்த்தார்கள். மண்டையோடு, மணற்கடிகை, அணைந்த விளக்கு, அழுகத் தொடங்கிய பழம். வாழ்வு நிலையாதது என்னும் உபதேசம். நம் நிலையாமைப் பாடல்களை அறிந்தவர்க்கு அது புதிதன்று.

ஆனால் எங்கள் வீட்டுத் தட்டில் இருந்தது அதுவுமன்று. அப்பாவின் மாம்பழம் யாருக்கும் மரணத்தை உபதேசிக்கவில்லை. அது ஐந்து பேருடைய மாலைப் பசிக்கு வந்தது. முழுமையைக் கொண்டாடும் படம் ஒன்று; அழுகலைக் காட்டி எச்சரிக்கும் படம் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே, கெட்டதை வெட்டிவிட்டு மீதியைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தட்டு உண்டு. அதை யாராவது வரைந்திருக்கிறார்களா என்று தேடினேன். ஹெர்குலேனியத்துப் பீச் பழங்களை மறுபடி பார்த்தபோதுதான் கவனித்தேன். அவற்றில் ஒரு பழத்தில் ஒரு துண்டு குறைந்து, உள்ளே கொட்டை தெரிகிறது. எத்தனையோ முறை பார்த்த படம். என் கண்ணுக்கு அந்தத் துண்டு குறைந்தது தெரிந்ததே இல்லை.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு, கொய்யா வரைந்த அதே இளைஞரைத் தேடிப் பிடித்தேன். இப்போது அவர் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். கெட்ட பழம் ஒன்று வரைந்து தர வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "அன்னைக்குப் பூசச் சொன்னீங்களே மேடம்" என்றார். ஆமாம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

முதலில் அவர் வரைந்து வந்தது கரிய பின்னணியில் அழுகி வழியும் மாம்பழம். மேலே ஈ ஒன்றுகூட இருந்தது. அருமையான வேலைப்பாடு. ஆனால் அது வானிட்டாஸ். அப்பாவையும் மஞ்சள் பையையும் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. விடுதித் தொட்டியையும் சொன்னேன். முதன்முதலாக ஒருவரிடம் சொன்னது அப்போதுதான். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கல்லூரியில முதல் வருஷம் பழம் வச்சு வரையச் சொல்லுவாங்க. படம் முடியறதுக்குள்ள பழம் கெட ஆரம்பிச்சிரும். கெட்ட பக்கத்தை அறுத்துப் போட்டுட்டு மிச்சத்தை நாங்கதான் சாப்பிடுவோம்" என்றார்.

மூன்று மாதங்கள் கழித்து இரண்டாவது படம் வந்தது. எட்டுக்கு ஆறு அங்குலம். பகல் வெளிச்சம். எவர்சில்வர் தட்டில் ஒரு கல்லாமைப் பாதி. அதன் ஒரு பக்கம் ஆழமாகச் செதுக்கப்பட்டு, வெட்டுவாய் இலேசாகப் பழுப்பேறியிருக்கிறது. பக்கத்தில் மூன்று துண்டுகள். தட்டின் ஓரத்தில் யாரோ எடுத்துக்கொண்டு போன துண்டின் ஈரத்தடம். பழத்தின் மஞ்சள் ஒரே மஞ்சளாக இல்லை. காம்பிலிருந்து மூக்குவரை ஏறி இறங்கி வருகிறது. இதை மரத்தில் முத்தியது என்று அப்பா ஒப்புக்கொண்டிருப்பார்.

எண்ணெய் வாசனை அடங்காத படத்தை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். படத்தைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, பழத்தின் வெட்டுப்பட்ட பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"அதிகமா வெட்டிட்டான்டி" என்றார். "இன்னும் ரெண்டு வாய்க்கு வரும். உங்கப்பா இருந்தா இவ்வளவு வெட்ட விடமாட்டாரு."